கன்வெர்ட் செய்வதற்கு முன்: ஒரு ராத்திரிக் கூத்தின் ஃபைல்கள்

எடிட்டிங் கற்றுக்கொள்ள வருகிற தம்பிகள் என்னிடம் முதலில் கேட்பது, "அண்ணா, எந்த கன்வெர்ட்டர் நல்லது?" என்றுதான். கார்டு இன்னும் காமிராவிலேயே இருக்கும். ஃபைலுக்குள் என்ன இருக்கிறதென்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். டைம்லைனில் போட்டால் படம் திக்கித் திக்கி ஓடுகிறது, யாரோ கன்வெர்ட் பண்ணச் சொன்னார்கள், அது மட்டும்தான் தெரியும். என் பதில் எப்போதும் ஒன்றுதான். கார்டில் இருப்பதை முதலில் முழுசாகப் பத்திரமாக இறக்குங்கள். ஒவ்வொரு காமிராவும் எந்த மாதிரி ஃபைல் எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அதற்கப்புறமும் தேவைப்பட்டால் கன்வெர்ட் செய்யுங்கள், ஆனால் அசலைத் தொடாதீர்கள். நேரில் சொல்லும்போது பாதிதான் சொல்ல முடிகிறது. அதனால் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

நான் தெருக்கூத்து பதிவு செய்கிறவன். செய்யாறு, வந்தவாசி, காஞ்சிபுரம் பக்கத்துக் கிராமங்களில் பாரதத் திருவிழா நடக்கும் மாதங்களில் காமிராவோடு போய் உட்கார்ந்துவிடுவேன். ராத்திரி பத்து மணிக்கு மேல் மேளக்கட்டு ஆரம்பித்தால் விடிகிற வரைக்கும் ஆட்டம்தான். அதே ஜமா, அதாவது கூத்துக் குழு, அதே கூத்தை அடுத்த வாரம் பக்கத்து ஊரில் ஆடலாம், ஆனால் அது வேறு கூத்து. கதையைச் சொல்லிச் சிரிக்க வைக்கும் கட்டியங்காரன் பேச்சு ஊருக்கு ஊர் மாறும். வாத்தியார் அன்றைக்கு இருக்கிற குரலுக்கேற்ப விருத்தத்தை நீட்டுவார், சுருக்குவார். அந்த ராத்திரியில் கார்டில் விழுந்தது மட்டும்தான் அந்த ராத்திரிக்கு ஆதாரம். ஃபைல் விஷயத்தில் நான் இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

என்னிடம் சேர்கிற சரக்கு எப்போதும் கலவையாகத்தான் இருக்கும். ஆடுகளத்துக்கு நேர் எதிரே முக்காலியில் ஒரு பழைய ஹேண்டிகேம், முழுக் களமும் தெரிகிற மாதிரி, ராத்திரி முழுக்க அசையாமல். பக்கவாட்டில் கையில் பிடித்த ஒரு மிரர்லெஸ் காமிரா, முகத்துக்கும் காலடிக்கும். வாத்தியக்காரர்கள் உட்காரும் பெஞ்சுக்குப் பக்கத்தில் தனி ஆடியோ ரெக்கார்டர். அப்புறம் ஊர்ப் பையன்கள் போனில் எடுத்தவை. சில நல்ல கோணங்கள் அவர்களிடம்தான் கிடைக்கும், ஏனென்றால் திரைக்குப் பின்னால் ஒப்பனை நடக்கிற இடம் வரைக்கும் அவர்களால் போக முடியும். நாலு கருவிகள், நாலு விதமான ஃபைல்கள்.

முதலில் இறக்குவதைப் பற்றி. கார்டைச் செருகி, கண்ணுக்குத் தெரிகிற வீடியோ ஃபைல்களை மட்டும் தேர்ந்தெடுத்து டெஸ்க்டாப்புக்கு இழுத்துப் போடுகிற பழக்கத்தை விட்டுவிட வேண்டும். ஹேண்டிகேம் எழுதுவது ஏவிசிஎச்டி. சோனியும் பானாசோனிக்கும் சேர்ந்து 2006-இல் கொண்டுவந்த வடிவம் இது. கார்டுக்குள் பிரைவேட் என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் ஏவிசிஎச்டி, அதற்குள் பிடிஎம்வி, அதற்குள் ஸ்ட்ரீம் என்று போய்க்கொண்டே இருக்கும். எம்டிஎஸ் ஃபைல்கள் அந்தக் கடைசி ஃபோல்டரில் இருக்கும். பக்கத்து ஃபோல்டர்களில் குட்டிக் குட்டியாகச் சில ஃபைல்கள் கிடக்கும். எந்தத் துண்டுக்கு அடுத்து எந்தத் துண்டு என்ற கணக்கு அந்தக் குட்டி ஃபைல்களில்தான் இருக்கிறது. அவற்றை விட்டுவிட்டு வீடியோவை மட்டும் எடுத்தால் என்ன ஆகும் என்று கொஞ்சம் கீழே சொல்கிறேன். அதனால் கார்டை அப்படியே, மேல்மட்ட ஃபோல்டரிலிருந்து, முழுசாகக் காப்பி செய்யுங்கள்.

ஒவ்வொரு கார்டுக்கும் தனி ஃபோல்டர் வேண்டும். தேதி, ஊர், காமிரா, கார்டு எண் என்று ஃபோல்டருக்குப் பெயர் வைத்தால் போதும். ஹேண்டிகேம் புதிதாக ஃபார்மேட் செய்த ஒவ்வொரு கார்டிலும் 00000 என்ற பெயரிலிருந்துதான் எழுத ஆரம்பிக்கும். இரண்டு கார்டுகளை ஒரே ஃபோல்டரில் கொட்டினால் ஒரே பெயரில் இரண்டு ஃபைல்கள் வரும். கம்ப்யூட்டர் "ரீப்ளேஸ் செய்யவா?" என்று கேட்கும். விடியற்காலைத் தூக்கத்தில் ஒருவர் ஆமாம் என்று அழுத்திவிட்டால் அரவான் களப்பலிக் காட்சி முழுசும் போய்விடும். உள்ளே இருக்கும் ஃபைல்களின் பெயரையும் மாற்றக்கூடாது, மாற்றினால் அந்தக் குட்டி ஃபைல்கள் சொல்லும் கணக்கு உடைந்துவிடும். வெளியே இருக்கிற ஃபோல்டரின் பெயரை எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்.

கட் செய்து பேஸ்ட் செய்யவே கூடாது. காப்பி மட்டும்தான். காப்பி முடிந்த பிறகு சரிபார்க்க வேண்டும், ஏனென்றால் "முடிந்தது" என்று திரையில் வந்ததால் மட்டும் ஃபைல் முழுசாக வந்துவிட்டது என்று ஆகிவிடாது. டெராகாப்பி மாதிரி மென்பொருளில் சரிபார்க்கும் வசதி இருக்கிறது. லினக்ஸில் எம்டி5 என்ற சரிபார்ப்பு எண்ணைக் கணக்குப் போட்டு இரண்டு பக்கமும் ஒன்றுதானா என்று பார்க்கலாம். ஒரு பிட் மாறியிருந்தாலும் அந்த எண் வேறாக வரும். இரண்டு தனித்தனி ஹார்டு டிஸ்க்குகளில் காப்பி ஏறி, இரண்டும் சரி என்று தெரிந்த பிறகுதான் கார்டை அழிப்பேன், அதுவும் கம்ப்யூட்டரில் இல்லாமல் காமிராவிலேயே ஃபார்மேட் செய்வேன். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறு இடத்தில் என்று டிஜிட்டல் படங்களைப் பாதுகாக்கிறவர்கள் சொல்வார்கள். ஊருக்குப் போன இடத்தில் மூன்றாவது பிரதி சிரமம்தான். ஆனால் வீடு திரும்பியதும் ஒரு டிஸ்க் தம்பி வீட்டுக்குப் போய்விடும்.

ஊர்ப் பையன்களிடம் ஒரு விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். வாட்ஸப்பில் வீடியோவாக அனுப்பினால் அது சுருங்கித்தான் வந்து சேரும். டாக்குமென்ட்டாக அனுப்பினால் அசல் ஃபைல் அப்படியே வரும். இல்லையென்றால் கேபிள் போட்டு அங்கேயே இறக்கிக்கொள்வது நல்லது. பெட்ரோமாக்ஸ் காலம் போய் டியூப்லைட்டும் எல்இடியும் வந்துவிட்டாலும் கூத்துக்களத்தில் இருட்டு இருட்டுத்தான். இருட்டில் எடுத்த படத்தை மேலும் சுருக்கினால் முகத்தின் அரிதாரமும் கறுப்பு வானமும் கட்டம் கட்டமாக உடைந்துவிடும்.

எல்லாம் இறக்கியாகிவிட்டது. இப்போது நேரப்படி அடுக்கலாம் என்று பார்த்தால், போனில் எடுத்த ஃபைல்கள் பல சமயம் சம்பந்தமில்லாத இடத்தில் போய் நிற்கும். எம்பி4, மூவ் ஃபைல்களுக்குள் எடுத்த நேரம் பதிவாகியிருக்கும். போன்கள் அதை உலகப் பொது நேரத்தில் எழுதுகின்றன. பல காமிராக்கள் நாம் கடிகாரத்தில் வைத்த உள்ளூர் நேரத்தையே எழுதிவிடுகின்றன. நம் நேரம் உலகப் பொது நேரத்தைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு போனில் எடுத்த கர்ணன் பொன்னுருவி தர்க்கம், முந்தின நாள் சாயங்காலம் எட்டரை மணி என்று காட்டும். கூத்தே ஆரம்பிக்காத நேரம் அது. ராத்திரி நிகழ்ச்சி பதிவு செய்கிறவர்களுக்குத் தேதியே மாறிவிடுவதால் குழப்பம் இரட்டிப்பாகும். காரணம் தெரிந்துவிட்டால் தீர்வு சுலபம்: போன் ஃபைல்கள் இருக்கும் ஃபோல்டருக்கு மட்டும் ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

அடுத்தது ஃபைலைத் திறந்து பார்ப்பது. இதற்கு மீடியாஇன்ஃபோ என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. எந்த ஃபைலைப் போட்டாலும் அதன் ஜாதகத்தையே சொல்லிவிடும். நான் பார்ப்பது சில விஷயங்களைத்தான்: உள்ளே இருக்கும் கோடெக், அதாவது படத்தைச் சுருக்கிய முறை, என்ன, நொடிக்கு எத்தனை ஃபிரேம், அந்த எண்ணிக்கை நிலையானதா மாறுகிறதா, இன்டர்லேஸ்டா புரோகிரெசிவா, நிற விவரம் 8 பிட்டா 10 பிட்டா, ஆடியோ என்ன. ஃபைல் பெயரின் கடைசியில் இருக்கும் எம்பி4, மூவ், எம்டிஎஸ் எல்லாம் வெறும் உறைதான். ஒரே எம்பி4 உறைக்குள் எச்.264 இருக்கலாம், எச்இவிசி இருக்கலாம். "இந்த மென்பொருள் எம்பி4 திறக்க மாட்டேங்குது" என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டிய கேள்வி, உள்ளே என்ன இருக்கிறது என்பதுதான்.

படம் ஏன் திக்குகிறது என்பதற்கும் விடை அங்கேதான். எச்.264 ஒவ்வொரு ஃபிரேமையும் முழுப் படமாக எழுதுவதில்லை. அரை நொடிக்கு ஒரு தடவையோ, கொஞ்சம் கூடக் குறையவோ, ஒரு முழுப் படம் எழுதும். நடுவில் இருக்கும் ஃபிரேம்களுக்கு, முன்னே வந்ததிலிருந்தும் பின்னே வரப்போவதிலிருந்தும் என்ன மாறியது என்ற வித்தியாசத்தை மட்டும் எழுதிவைக்கும். கார்டில் இடம் மிச்சம், காமிராவுக்கு அதுதான் வேண்டும். ஆனால் எடிட்டிங்கில் நாம் ஒரு ஃபிரேமில் போய் நிற்கிறோம். துரியோதனன் தொடையில் கை வைக்கிற அந்த ஒரு ஃபிரேம் வேண்டும் என்றால், கம்ப்யூட்டர் அதற்கு முந்தைய முழுப் படம் வரை பின்னால் போய், அங்கிருந்து ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு வந்து அந்த ஃபிரேமைக் கட்ட வேண்டும். பின்னோக்கி ஓட்டினால் இந்த வேலை திரும்பத் திரும்ப நடக்கும். மூன்று கோணங்களை ஒன்றாக ஓட்டினால் மூன்று மடங்கு. எச்இவிசி 2013-இல் வந்தது. அது இன்னும் நன்றாகச் சுருக்கும், அதனால் இன்னும் அதிகம் கணக்குப் போட வைக்கும்.

மினிடிவி டேப்பில் (இந்த 'டிவி' டிஜிட்டல் வீடியோவின் சுருக்கம்) வேலை செய்தவர்களுக்கு இந்தத் தொல்லை இருந்ததில்லை. டிவி வடிவத்தில் ஒவ்வொரு ஃபிரேமும் தனித்தனியாக, முழுப் படமாகவே சுருக்கப்பட்டிருக்கும். வீடியோவுக்கு நொடிக்கு 25 மெகாபிட், ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 13 ஜிபி. பழைய பென்டியம் 4 கம்ப்யூட்டரில்கூட வழுக்கிக்கொண்டு ஓடும். அதில் எனக்கு இன்றும் பிடித்த இன்னொரு விஷயம், ஃபயர்வயர் வழியாக டேப்பை இறக்க ஒரு மணி நேர டேப்புக்கு ஒரு மணி நேரம் ஆகும். வேறு வழியில்லாமல் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்ப்போம். இறக்கி முடிக்கும்போது எந்த நிமிடத்தில் என்ன இருக்கிறது என்று மனப்பாடம் ஆகியிருக்கும். கார்டு வந்தபிறகு எட்டு மணி நேரக் கூத்து சில நிமிடங்களில் இறங்கிவிடுகிறது. யாரும் பார்ப்பதில்லை. நான் இப்போதும் காப்பி சரிபார்த்த கையோடு, ஹேண்டிகேமின் அகலக் காட்சியை ஆரம்பத்திலிருந்து ஓடவிட்டுக் குறிப்பு எடுக்கிறேன். ஒரு நோட்டில் நேரமும் காட்சியும். அதற்கு ஆகும் பொழுது வீண் என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ள மாட்டேன். கூத்தை முழுசாகப் பார்க்காதவர் கூத்தை வெட்டக் கூடாது.

சரி, கன்வெர்ட் செய்வதற்கு வருவோம். இந்த ஒரே பெயரில் மூன்று வேறு வேலைகள் நடக்கின்றன. ஒன்று, உறையை மட்டும் மாற்றுவது. எம்டிஎஸ் உறையிலிருந்து எடுத்து மூவ் உறையில் போடுவது. உள்ளே இருக்கும் படம் ஒரு பிட்கூட மாறாது. ஃபாப்ரீஸ் பெல்லார் 2000-இல் தொடங்கிய எஃப்எஃப்எம்பெக் என்ற இலவசக் கருவியில், படத்தை மறுபடி சுருக்காமல் அப்படியே நகலெடு என்று கட்டளை கொடுத்தால், ஃபைலைக் காப்பி செய்ய ஆகும் நேரத்தில் வேலை முடிந்துவிடும். மென்பொருள் எம்டிஎஸ் திறக்க மறுக்கிறது என்றால் இது போதும். பலர் இதற்குப் போய் ஹேண்ட்பிரேக் என்ற கன்வெர்ட்டரில் மணிக்கணக்காக ஓட்டி, எச்.264-ஐ இன்னொரு எச்.264 ஆக்கி, தரத்தைக் குறைத்துவிட்டு வருகிறார்கள். படத்துக்கும் நஷ்டம், திக்குவதும் நிற்காது. ஏனென்றால் கோடெக் அதேதான்.

இரண்டாவது, எடிட்டிங்குக்கென்றே உருவான கோடெக்குக்கு மாற்றுவது. ஆப்பிளின் புரோரெஸ் 2007-இல் வந்தது. அவிட் நிறுவனத்தின் டிஎன்எக்ஸ்எச்டி அதற்கும் முன்னால், 2004-இல். இவற்றில் டிவி காலம் மாதிரியே ஒவ்வொரு ஃபிரேமும் தனியாக, முழுசாக இருக்கும். கம்ப்யூட்டர் நிம்மதியாக ஓட்டும். ஆனால் இடம் விழுங்கும். 1080 அளவில் நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் புரோரெஸ் 422-க்கு நொடிக்கு 122 மெகாபிட், அதாவது ஒரு மணி நேரத்துக்கு 55 ஜிபி. ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: இப்படி மாற்றுவதால் படத்தின் தரம் ஏறாது. காமிரா 8 பிட்டில் எழுதியது 10 பிட் கோடெக்கில் போய் உட்கார்ந்தாலும் அதே 8 பிட் விவரம்தான். எச்.264 பெரும்பாலும் நிறத்தை நீளத்திலும் அகலத்திலும் பாதி அளவில்தான் பதிவு செய்கிறது. 1080 படத்தில் வெளிச்சம் 1920-க்கு 1080, நிறம் 960-க்கு 540. வேடக்காரரின் சிவப்பு அரிதாரத்தின் ஓரம் சொரசொரப்பாகத் தெரிகிறதே, அதற்குக் காரணம் இதுதான். புரோரெஸ் ஆக்கினால் அந்த ஓரம் வழவழப்பாகிவிடாது.

மூன்றாவது, பிராக்ஸி. எடிட்டிங்குக்கு மட்டும் சின்ன அளவில் ஒரு நகல், கடைசியில் ரெண்டர் செய்யும்போது அசல். பிரீமியர், ரிசால்வ், ஃபைனல் கட், இலவசமான கேடன்லைவ் என்று எல்லா எடிட்டிங் மென்பொருளிலும் இந்த வசதி இருக்கிறது. நான் அதிகம் செய்வது இதைத்தான். புரோரெஸ் பிராக்ஸி 1080 அளவிலேயே ஒரு மணி நேரத்துக்கு 17 ஜிபிதான். பாதி அளவாக்கினால் இன்னும் குறையும். ஆனால் சில நிபந்தனைகள் உண்டு. ஃபிரேம் எண்ணிக்கை அசலோடு ஒத்துப்போக வேண்டும், ஆடியோ சேனல் எண்ணிக்கை மாறக்கூடாது, பெயர் அசலைச் சுட்டும்படி இருக்க வேண்டும். மென்பொருளே உருவாக்கும் பிராக்ஸி என்றால் இதையெல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும்.

கூத்துக்கு வந்த ஃபைல்களில் எதற்கு எது என்று இப்போது சொல்கிறேன்.

ஹேண்டிகேமில்தான் சிக்கல் அதிகம், அதனால் அதிலேயே கொஞ்சம் நிற்க வேண்டும். அந்தக் கார்டு ஃபேட்32 முறையில் ஃபார்மேட் ஆனது. அதில் ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல் வளர முடியாது. அதனால் ராத்திரி முழுக்க நிறுத்தாமல் ஓடினாலும் காமிரா பதிவைத் துண்டு துண்டாக எழுதும். சில மாடல்கள் 2 ஜிபியிலேயே துண்டாக்கும். நொடிக்கு 24 மெகாபிட் என்றால் 4 ஜிபி ஏறக்குறைய 22 நிமிடம். வெட்டு எங்கே விழுகிறது என்பதைக் காமிரா பார்ப்பதில்லை. அளவு நிரம்பியதும் வெட்டிவிடும். இரண்டு பேர் திரை பிடித்து நிற்க, திரைக்குப் பின்னாலிருந்து திரௌபதி வேடம் திரை விருத்தம் பாடுகிறது. குரல் மேலே ஏறி, பின்பாட்டுக்காரர்கள் எடுத்துக்கொள்கிற அந்த நொடியில் துண்டு மாறுகிறது. எம்டிஎஸ் ஃபைல்களை மட்டும் தனித்தனியாக இழுத்து டைம்லைனில் அடுத்தடுத்து வைத்தால் அந்த இடத்தில் குரல் ஒரு கணம் அறுபடும். சில ஃபிரேம்கள்தான், ஆனால் காதுக்குத் தெரியும். தாளக்காரர் தட்டு ஒன்று காணாமல் போயிருக்கும். ஒரு ஃபிரேமின் பாதித் தகவல் முந்தின ஃபைலின் வாலிலும் மீதி அடுத்த ஃபைலின் தலையிலும் இருப்பதால் இப்படி ஆகிறது. எடிட்டிங் மென்பொருள் இரண்டையும் தனி ஃபைல்களாக நினைத்து, அரைகுறையாக இருப்பதை இரண்டு பக்கமும் கழித்துவிடுகிறது.

முழு ஃபோல்டர் அமைப்பும் பத்திரமாக இருந்தால், பிரீமியரின் மீடியா பிரவுசர் வழியாகக் கொண்டுவரும்போது எல்லாத் துண்டுகளும் ஒரே க்ளிப்பாக வந்து சேரும். பக்கத்து ஃபோல்டரில் இருந்த குட்டி ஃபைல்களுக்கு இங்கேதான் வேலை. அவை தொலைந்துவிட்டாலும் ஒரு வழி உண்டு. எம்டிஎஸ் என்பது தொடர்ந்து ஓடுகிற வகை வடிவம். துண்டுகளை வரிசை மாறாமல், பைட்டோடு பைட்டாக ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டினாலே முழுசாகிவிடும். லினக்ஸில் கேட் கட்டளை, விண்டோஸில் பைனரி முறையில் காப்பி கட்டளை. எந்தக் கன்வெர்ட்டரும் தேவையில்லை. அறுபட்ட குரல் திரும்ப வந்துவிடும். எம்பி4 ஃபைலில் இப்படிச் செய்ய முடியாது, ஏனென்றால் அதில் உள்ளடக்க அட்டவணை ஒவ்வொரு ஃபைலுக்கும் தனியாக இருக்கும். அதற்கு எஃப்எஃப்எம்பெக்கில் இணைக்கும் வசதி வேறு இருக்கிறது.

ஹேண்டிகேமின் இன்னொரு குணம் இன்டர்லேஸ். நம் ஊர் பால் (PAL) என்ற வீடியோ முறையில் நொடிக்கு 50 ஃபீல்டு. ஒவ்வொன்றிலும் படத்தின் ஒற்றை வரிகள் அல்லது இரட்டை வரிகள் மட்டும். இரண்டு ஃபீல்டுகளுக்கும் நடுவில் நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு ஓடியிருக்கும். வேடக்காரர் நின்று பேசும்போது ஒன்றும் தெரியாது. கிறுகிறுவென்று சுழன்று ஆடும்போது நிறுத்திப் பாருங்கள், பாவாடையின் ஓரமெல்லாம் சீப்புப் பல் மாதிரி கோடு கோடாகப் பிரிந்திருக்கும். இதைச் சரிசெய்ய, பெரும்பாலானவர்கள் டீஇன்டர்லேஸ் செய்து நொடிக்கு 25 ஃபிரேம் ஆக்கிவிடுகிறார்கள். அதில் பாதி அசைவு தொலைந்துவிடும். கூத்து என்பது அடவு, காலடி வைப்பு. கால் எப்போது தரையைத் தொட்டது என்பதுதான் அங்கே விஷயம். ஒவ்வொரு ஃபீல்டையும் ஒரு முழு ஃபிரேம் ஆக்கி, நொடிக்கு 50 ஃபிரேமாக மாற்றினால் அசைவு முழுசும் தங்கும். எஃப்எஃப்எம்பெக்கில் பிடபிள்யூடிஃப் என்ற ஃபில்டர் இதை நன்றாகச் செய்யும். எந்த ஃபீல்டு முதலில் என்பதைச் சரியாகச் சொல்ல வேண்டும். எச்டியில் மேல் ஃபீல்டு முதலில் வரும், பழைய டிவி டேப்பில் கீழ் ஃபீல்டு முதலில். மாற்றிச் சொன்னால் ஆட்டக்காரர் முன்னும் பின்னும் உதறுகிற மாதிரி தெரியும். சந்தேகமாக இருந்தால் சுழற்சி இருக்கிற பத்து நொடியை மட்டும் எடுத்து முதலில் சோதித்துப் பாருங்கள்.

இதை எட்டு மணி நேரத்துக்கும் செய்தால் என்ன ஆகும்? 50 ஃபிரேம் புரோரெஸ் 422 ஒரு மணி நேரத்துக்கு 110 ஜிபி. மொத்தம் 880 ஜிபி. அசல் 86 ஜிபிதான் இருந்தது. பத்து மடங்கு. அதனால் நான் முழுசாக மாற்றுவதில்லை. நோட்டில் குறித்த நேரங்களை வைத்துக்கொண்டு, படத்தில் வரப்போகிற காட்சிகளை மட்டும், முன்னும் பின்னும் கொஞ்சம் கூடுதலாக எடுத்து மாற்றுகிறேன். பார்த்துக் குறிப்பெடுத்த பொழுது இங்கே திரும்பக் கிடைத்துவிடுகிறது.

மிரர்லெஸ் ஃபைலில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 25 ஃபிரேம், நிலையான எண்ணிக்கை, 8 பிட் எச்.264. பிராக்ஸி போதும். புதிய காமிராக்கள் எழுதுகிற 10 பிட் 4:2:2 வகைதான் (நிறத்தை அகலத்தில் மட்டும் பாதியாக்குவது) கம்ப்யூட்டரை வதைக்கும். அதை வன்பொருளிலேயே பிரித்து ஓட்டும் வசதி எல்லா கிராஃபிக்ஸ் கார்டிலும் இல்லை. இன்டெல்லின் உள்ளமைந்த கிராஃபிக்ஸில் எச்இவிசி 4:2:2-க்குச் சில வருடங்களாகவே வசதி உண்டு. என்விடியாவில் அது ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் வந்தது. விலை உயர்ந்த கார்டு வாங்கியும் ஓடவில்லையே என்று கலங்குகிறவர்கள் முதலில் இதைப் பார்க்க வேண்டும். ரிசால்வின் இலவசப் பதிப்பை லினக்ஸில் பயன்படுத்துகிறவர்களுக்கு எச்.264 திறக்கவே திறக்காது. அங்கே டிஎன்எக்ஸ்எச்டியின் அடுத்த வடிவமான டிஎன்எக்ஸ்எச்ஆருக்கு மாற்றி, ஆடியோவைச் சுருக்காத பிசிஎம் ஆக்கித்தான் கொண்டுபோக வேண்டும்.

போன் ஃபைல்களுக்குத்தான் உண்மையான கன்வெர்ட் தேவைப்படுகிறது. போன் நொடிக்கு 30 ஃபிரேம் என்று சொல்லும், ஆனால் வெளிச்சம் குறைந்தால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஒவ்வொரு ஃபிரேமும் எப்போது வர வேண்டும் என்ற நேரம் ஃபைலுக்குள் இருக்கிறது, பிளேயர் அதைப் பார்த்து ஒழுங்காக ஓட்டிவிடும். எடிட்டிங் மென்பொருள் எல்லா ஃபிரேமும் சமமான இடைவெளியில் இருப்பதாக எடுத்துக்கொண்டால் படமும் ஒலியும் மெதுவாக விலக ஆரம்பிக்கும். கூத்தில் இதைக் கண்டுபிடிப்பது சுலபம், தாளக்காரர் இருக்கிறாரே. க்ளிப்பின் ஆரம்பத்தில் இரண்டு தாளமும் மோதுகிற ஃபிரேமும் ஒலி வரைபடத்தில் எழும்பும் முள்ளும் ஒரே இடத்தில் இருக்கும். பத்து நிமிடம் தள்ளிப் போய்ப் பாருங்கள். ஒலி கேட்டு முடிந்த பிறகு கை மோதும். நகர்த்தி வைத்துச் சரிசெய்ய முடியாது, ஏனென்றால் விலகல் சீராக இல்லை. எடிட்டிங்குக்குக் கொண்டுவருமுன் நிலையான ஃபிரேம் எண்ணிக்கைக்கு மாற்றிவிட வேண்டும். ஹேண்ட்பிரேக்கில் கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட் என்ற தேர்வு இதற்குத்தான். தரத்தை உயர்வாக வைத்து ஓட்டினால் போதும்.

போனின் 30-ஐ நம் 25 டைம்லைனில் போட்டால் ஆறு ஃபிரேமுக்கு ஒன்று விழுந்துவிடும், காமிரா நகரும்போது உதறும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப்லைட் நொடிக்கு நூறு தடவை மினுக்குகிறது. 30 ஃபிரேமில், பொருந்தாத ஷட்டரில் எடுத்தால் அந்த மினுக்கல் படத்தில் பட்டை பட்டையாக ஓடும். அதை எந்த கன்வெர்ட்டரும் முழுசாக எடுக்காது. ஐபோனில் வீடியோ செட்டிங்கில் பால் வடிவங்களைக் காட்டு என்று ஒரு தேர்வு உண்டு, அதைப் போட்டால் 25 கிடைக்கும். கூத்துக்கு முன்னாலேயே பையன்களைப் பிடித்து இதை மாற்றிவைத்துவிடுங்கள். வெளிச்ச வித்தியாசத்தைக் கூட்டிப் பதிவு செய்யும் எச்டிஆர் என்பதையும் அணைத்துவிடச் சொல்லுங்கள். 2020-இல் வந்த ஐபோன் 12 முதல் அது தானாகவே எச்டிஆரில் எடுக்கிறது. சாதாரண டைம்லைனில் போட்டால் முகமெல்லாம் வெளுத்துத் தெரியும். ஏற்கெனவே எடுத்துவிட்டார்கள் என்றால் மென்பொருளில் நிற மாற்றம் கொடுத்துச் சரிசெய்யலாம், ஆனால் அது தனி வேலை.

ஆடியோ ரெக்கார்டரை 48 கிலோஹெர்ட்ஸில் வையுங்கள். வீடியோ உலகம் முழுக்க அதுதான். ரெக்கார்டரின் கடிகாரமும் காமிராவின் கடிகாரமும் துளி வித்தியாசப்படுவதால் எட்டு மணி நேரத்தில் ஒலி சில ஃபிரேம் விலகும். போன் மாதிரி இல்லாமல் இந்த விலகல் சீரானது. காட்சிக்குக் காட்சி மறுபடி பொருத்திக்கொண்டால் தெரியாது. பொருத்துவதற்கு முகவீணை ஊதுவதைவிட மிருதங்கத்தின் அடி நல்லது, வரைபடத்தில் கூர்மையாகத் தெரியும்.

வேலை முடிந்த பிறகு பிராக்ஸிகளை அழித்துவிடலாம், எப்போது வேண்டுமானாலும் மறுபடி செய்துகொள்ள முடியும். இடைக்கால புரோரெஸ்களையும் அப்படியே. கார்டிலிருந்து வந்த அசல் ஃபோல்டர்கள், ரெக்கார்டரின் வேவ் ஃபைல்கள், புராஜெக்ட் ஃபைல், குறிப்பு நோட்டின் ஒரு ஸ்கேன், முடிந்த படம், இவ்வளவுதான் நான் வைத்துக்கொள்வது. பார்த்தால், கன்வெர்ட் செய்த எதுவும் இந்தப் பட்டியலில் இருக்காது.

ஜமாவுக்குக் கொடுக்கும் பிரதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர்கள் பென்டிரைவை டிவியில் செருகித்தான் பார்ப்பார்கள். பல டிவிகளுக்கு 10 பிட்டோ புரோரெஸோ ஆகாது. 1080 அளவில் 8 பிட் எச்.264, ஏஏசி ஆடியோ, எம்பி4 உறை. பழைய டிவிகள் ஃபேட்32 பென்டிரைவை மட்டும் படிக்கும் என்பதால் ஒவ்வொரு ஃபைலும் 4 ஜிபிக்குள். அதனால் காட்சி காட்சியாகப் பிரித்து, காட்சியின் பெயரையே ஃபைலுக்கு வைத்துக் கொடுக்கிறேன். ஆனால் ஒரு வாத்தியார் நான் பார்த்துப் பார்த்து வெட்டிய படத்தைவிட ஹேண்டிகேமின் அகலக் காட்சியைத்தான் விரும்பிக் கேட்டார். வெட்டே இல்லாமல், களம் முழுசும் தெரிய, பதினெட்டாம் போர் ஆரம்பத்திலிருந்து கடைசி வரை. புதிதாக வந்திருக்கும் பையன்களுக்கு யார் எந்தப் பக்கம் நிற்க வேண்டும், எந்த அடிக்கு எங்கே திரும்ப வேண்டும் என்று அதில்தான் காட்டிக்கொடுக்க முடியும் என்றார். அசல் இருந்ததால் துண்டுகளை ஒட்டி, டீஇன்டர்லேஸ் செய்து, 50 ஃபிரேமில் எம்பி4 ஆக்கி ராத்திரி ஓடவிட்டேன். காலையில் பென்டிரைவ் தயாராக இருந்தது.